சண்டைக்கும் சிரிப்புக்கும் காரணம் வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஒரு குடும்பம் சினிமாவுக்குப் புறப்படுகிறது. கணவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி.

பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து இருக்கிறார். "என்ன படம், அண்ணே?" என்று கேட்கிறார்.

"சும்மா, ஒரு சண்டைப் படம். சிரிப்பும் இருக்குதாம்" என்று குடும்பத் தலைவர் பதில் சொல்கிறார். சொல்லும்போதே முகத்தில் ஒரு கூச்சம்.

எதற்காகக் கூச்சம்?

'நல்ல படம் என்றால் அழ வைக்க வேண்டும். கைக்குட்டை நனைய வேண்டும். சண்டையும் சிரிப்பும் உள்ள படம் மட்டமான படம்' என்று யாரோ சொல்லி வைத்து இருக்கிறார்கள். பலரும் அதை நம்பி விட்டார்கள்.

இது சரி அல்ல.

ஆறு நாள் உழைத்தவர், ஏழாவது நாள் மூன்று மணி நேரம் சிரித்து விட்டு வரலாம். அடுப்படியில் வெந்தவள், அன்று ஒரு நாள் கை தட்டி விட்டு வரலாம். அதில் குற்றம் எதுவும் இல்லை. அழுவதற்கு வீட்டிலேயே போதுமான காரணங்கள் இருக்கின்றன.

அந்தக் குடும்பத் தலைவர் சினிமாப் பைத்தியம் அல்ல. முதல் நாள் முதல் காட்சிக்கு ஓடுகிறவர் அல்ல. நடிகர் படத்துக்குப் பால் ஊற்றுகிறவரும் அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, கையில் காசு மிஞ்சினால் போவார். கேமிரா எங்கே வைத்தார்கள், விளக்கு எப்படிப் போட்டார்கள் என்பது எல்லாம் அவருக்குத் தெரியாது.

ஆனால் அவருக்கு ஒரு விஷயம் தெரியும். படம் முடிந்து வெளியே வரும்போது அவர் ஒரே ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறி விடுவார்.

"சும்மா சும்மா அடிக்கிறான்!"

அல்லது, "சும்மா சும்மா இளிக்கிறான்!"

இந்தச் 'சும்மா' சாதாரணச் சொல் அல்ல. 'காரணம் இல்லாமல்' என்பது அதன் பொருள். பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் அந்த ஒரு சொல்லில் அடக்கி விடுகிறார். அவர் தீர்ப்பு பெரும்பாலும் தப்புவது இல்லை.

சவுக்கு கை மாறியது!

1965-ம் ஆண்டு 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்தது. எம்.ஜி.ஆர். இரட்டை வேடம். ஒருவர் கோழை. இன்னொருவர் வீரர்.

கோழையான தம்பி வீட்டிலேயே அடிமை போல வாழ்கிறார். அக்காள் கணவராக வருபவர் நம்பியார். சொத்தை அவர் கையில் வைத்துக் கொண்டு, சவுக்கையும் கையில் வைத்துக் கொண்டு இருக்கிறார். மைத்துனருக்கு அடி மேல் அடி. திருப்பி அடிக்க அவருக்குத் தைரியம் இல்லை.

கொட்டகையில் இருந்த தாய்மார்கள் பல்லைக் கடித்துக் கொண்டு பார்த்தார்கள். 'இவனைக் கேட்பார் இல்லையா?' என்று பொருமினார்கள்.

பிறகு ஆள் மாறாட்டம் நடக்கிறது. தம்பி இருந்த இடத்துக்கு வீரர் வருகிறார். பழைய ஆள் என்று நினைத்து நம்பியார் சவுக்கை ஓங்குகிறார். அந்தச் சவுக்கு கை மாறுகிறது!

அப்போது எழுந்த விசில் சத்தம் பக்கத்துத் தெருவுக்கும் கேட்டு இருக்கும். படம் வெள்ளி விழாக் கொண்டாடியது.

அந்த இடத்தில் எத்தனை அடி விழுந்தது என்று யாரும் எண்ணவில்லை. சவுக்கு கை மாற வேண்டும் என்று கொட்டகையே காத்துக் கொண்டு இருந்தது. அடி விழும் முன்பே மக்கள் மனதில் நியாயம் பிறந்து விட்டது. அதனால்தான் அது சண்டை. மற்றது வெறும் கைகலப்பு.

அதே ஆண்டில் வந்த 'ஆயிரத்தில் ஒருவ'னையும் பாருங்கள். பந்துலு எடுத்த படம். கதாநாயகன் மணிமாறன் ஒரு வைத்தியர். கத்தி பிடிப்பது அவர் தொழில் அல்ல. காயம் பட்டவர்களுக்கு மருந்து போட்டார். அது குற்றமாம்! அவரை அடிமையாக விற்று விடுகிறார்கள். மருந்து கொடுத்த கை வாளை எடுக்கிறது. கொள்ளைக் கப்பல் தலைவன் நம்பியாருடன் மோதுகிறது.

இந்தப் படத்தை 2014-ம் ஆண்டில் புதுப்பித்து மீண்டும் வெளியிட்டார்கள். அன்றைக்குப் பையனாகப் பார்த்தவர்கள், பேரன் கையைப் பிடித்துக் கொண்டு போய்ப் பார்த்தார்கள். பேரனுக்கும் பிடித்து இருந்தது. கம்ப்யூட்டர் வித்தை ஒன்றும் அதில் கிடையாது. இரண்டு பேர், இரண்டு வாள், ஒரு கப்பல். யார் யாரை, எதற்காக வெட்ட வருகிறார்கள் என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

அடி வாங்கிய ஆட்டோக்காரர்

'அது எல்லாம் பழைய காலம்' என்று சொல்லலாம்.

1995-ம் ஆண்டு 'பாட்ஷா' வந்தது. ரஜினிகாந்த் ஆட்டோ டிரைவர் மாணிக்கமாக வருகிறார். படம் தொடங்கி நெடுநேரம் அவர் யாரையும் அடிப்பது இல்லை. தம்பிக்கு விழ வேண்டிய அடியைக் கூடத் தானே வாங்கிக் கொள்கிறார். கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கிறார்கள். ரத்தம் சொட்டச் சொட்டச் சிரிக்கிறார்.

தமிழ்நாட்டில் அதிகமாக அடிக்கும் நடிகர் என்று பெயர் எடுத்தவர், பாதிப் படம் வரை அடி வாங்குகிறார்! பிறகு தங்கை மேல் கை வைக்கிறார்கள். அப்போதுதான் அவர் கை எழுகிறது.

எப்போதாவது படம் பார்க்கிறவர்களைக் கேட்டால், 'பாட்ஷா' படத்தில் நினைவு இருக்கும் இடம் இதுதான் என்பார்கள். கடைசிச் சண்டையைப் பலர் மறந்து விட்டார்கள். மாணிக்கம் அடி வாங்கியதை யாரும் மறக்கவில்லை.

2019-ம் ஆண்டு தீபாவளிக்கு 'கைதி' வந்தது. கார்த்தி நடித்தது. டூயட் பாட்டு இல்லை. கதாநாயகி இல்லை. ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. சிறையில் இருந்து வெளியே வந்த தகப்பன், இதுவரை கண்ணால் பார்க்காத மகளைப் பார்க்கப் போகிறான். வழியில் வம்பு வந்து சேருகிறது. மயங்கிக் கிடக்கும் போலீசாரை லாரியில் ஏற்றி ஓட்டிக் கொண்டு போக வேண்டி இருக்கிறது.

அந்தப் படத்தில் சண்டைக்குக் குறைவே இல்லை. ரத்தமும் நிறைய. சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்ற படம் அல்ல. ஆனாலும் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். காரணம், ஒவ்வோர் அடிக்கும் பின்னால் அந்தச் சிறுமி நிற்கிறாள். அப்பன் வருவான் என்று புது உடை உடுத்திக் கொண்டு காத்து இருக்கும் பிள்ளை, கொட்டகையில் இருப்பவர்களுக்கும் பிள்ளை ஆகி விடுகிறாள்.

இருபது பேர் பறக்கிறார்கள்!

இப்போது வரும் படங்கள் பலவற்றில் நடப்பது என்ன?

கதாநாயகன் வருகிறார். அவர் யார் என்று இன்னும் தெரியாது. பெயர் கூடத் தெரியாது. அதற்குள் இருபது பேர் அடிக்க வருகிறார்கள். இருபது பேரும் ஆகாயத்தில் பறக்கிறார்கள். சுவர் இடிகிறது. கார் உருளுகிறது. காது கிழிகிறது. பாட்டி இரண்டு காதையும் பொத்திக் கொள்கிறாள்.

"அந்த இருபது பேர் என்ன தப்புச் செய்தார்கள்?" என்று சின்னப் பையன் கேட்கிறான். அப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. டைரக்டருக்கே தெரியுமோ என்னவோ!

அடிப்பதாவது கண்ணுக்குத் தெரிகிறதா? அதுவும் இல்லை. ஒரு நொடியில் நான்கு துண்டுகளாக வெட்டி ஒட்டுகிறார்கள். கை எது, கால் எது, யாருடைய மூக்கு உடைந்தது என்று ஒன்றும் புலப்படுவது இல்லை. முன்பு வாள் சண்டை நடந்தால் தலையில் இருந்து கால் வரை ஆள் தெரிவார். பின்வாங்குவதும் தெரியும். பாய்வதும் தெரியும். வேர்ப்பது கூடத் தெரியும். சிலம்பம் பார்த்த கண்ணுக்கு அது விருந்து.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையில் விழுபவர் பொய்யாக விழுவது இல்லை. அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்.

எம்.ஜி.ஆருக்கே கால் முறிந்தது உண்டு. 1959-ம் ஆண்டு சீர்காழியில் நாடக மேடையில் பருமனான நடிகர் குண்டுமணியைத் தலைக்கு மேலே தூக்கும்போது அந்த விபத்து நடந்தது. அவர் பெயர் பெற்றவர். செய்தி நாடு முழுவதும் பரவியது. பெயர் தெரியாத எத்தனையோ பேர் மாடியில் இருந்து குதித்து இருக்கிறார்கள். கண்ணாடியை உடைத்துக் கொண்டு பாய்ந்து இருக்கிறார்கள். கதாநாயகனுக்கு 'டூப்' போட்டவர் முகம் கூடப் படத்தில் தெரியாது.

1980-ம் ஆண்டு 'முரட்டுக்காளை' படத்தில் வரும் ரெயில் சண்டை இன்றைக்கும் பேசப்படுகிறது. அதை அமைத்தவர் ஜூடோ ரத்தினம். ஆயிரத்துக்கும் அதிகமான படங்களில் சண்டை அமைத்தவர். 2023-ம் ஆண்டு காலமானார். அவர் உச்சத்தில் இருந்த காலத்தில் தேசிய விருதுப் பட்டியலில் சண்டைக்கு இடமே இல்லை. பாட்டுக்கு உண்டு.  சண்டை அமைப்புக்குத் தனி விருது 2017-ம் ஆண்டில்தான் முதல் முதலாக வழங்கப்பட்டது.

2025-ம் ஆண்டு ஜூலையில் தமிழ்ப் படப்பிடிப்பு ஒன்றில் காரைப் பாய விட்ட காட்சியில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் உயிர் இழந்தார். கொட்டகையில் சில நொடிகளில் வந்து போகும் காட்சி. அதற்கு ஓர் உயிர்.

ஆகவே, காரணம் இல்லாத சண்டை பார்ப்பவருக்கு மட்டும் நஷ்டம் அல்ல. கதைக்கு வேண்டாத ஒரு குதிப்புக்காக ஒருவரை மாடி ஏற்றுவது எந்த வகையில் நியாயம்?

அழாமல் சிரிக்க வைத்தவர்கள்

சிரிப்புக்கு வருவோம்.

சண்டைக்குச் சொன்னது சிரிப்புக்கும் பொருந்தும். ஒரு காலத்தில் படத்தில் கதை ஒரு பக்கம் போகும். நகைச்சுவை இன்னொரு பக்கம் போகும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்தக் காலத்திலேயே கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன், தம் மனைவி டி.ஏ.மதுரத்துடன் வந்து சிரிப்போடு சிந்தனையையும் கொடுத்தார். மூட நம்பிக்கையைக் கேலி செய்தார். குடியைக் கேலி செய்தார். அவர் கேலி செய்தது மனிதனின் அறியாமையை. மனிதனின் மூக்கை அல்ல.

1959-ம் ஆண்டு வந்த 'கல்யாணப் பரிசு' படத்தைப் பாட்டிமார்கள் இன்னும் மறக்கவில்லை. தங்கவேலு வேலை இல்லாதவர். ஆனால் மனைவியிடம் வேலைக்குப் போவதாகக் கதை விடுகிறார். பிறகு பெரிய எழுத்தாளர் என்று ஒரு புளுகு. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய். மனைவி எம்.சரோஜா ஒவ்வொன்றாக நம்புகிறாள். நம்ப நம்ப அவருக்குத்தான் வேர்க்கிறது!

இதில் யார் முகத்தையும் யாரும் பழிக்கவில்லை. தங்கவேலுவின் புளுகே அவரை மாட்டி வைக்கிறது. சம்பளத்தைக் குறைத்துச் சொன்ன கணவன்மார்களும், சேலை விலையைக் குறைத்துச் சொன்ன மனைவிமார்களும் தங்களையே நினைத்துக் கொண்டு சிரித்தார்கள்.

1964-ம் ஆண்டு ஸ்ரீதர் 'காதலிக்க நேரமில்லை' எடுத்தார். அதில் நாகேஷ் சொந்தமாகப் படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளை. டி.எஸ்.பாலையா பணக்காரத் தகப்பனார். மகன் ஒரு திகில் கதை சொல்கிறார். தகப்பனார் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார். அவ்வளவுதான் காட்சி!

நாகேஷ் வாயாலேயே கதவைத் திறக்கிறார். வாயாலேயே காற்றடிக்கிறார். பாலையா பயந்து சாகிறார். கொட்டகை வயிற்றைப் பிடித்துக் கொள்கிறது. கதை சொன்ன நாகேஷுக்குப் பாதி, வாய் பேசாமல் கேட்ட பாலையாவுக்குப் பாதி என்று கை தட்டலைப் பங்கு வைக்க வேண்டும். பாலையாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறு இல்லை.

1965-ல் 'திருவிளையாடல்' வந்தது. அதில் தருமியாக வரும் நாகேஷ் ஆயிரம் பொன்னுக்கு ஆசைப்பட்டுப் புலம்புகிறார். சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்த பிறகு, 'பாவம், ஏழைப் புலவர்' என்ற இரக்கமும் வருகிறது. இப்படி ஒரு சிரிப்பு எளிதில் கிடைப்பது இல்லை.

சண்டைப் பிரியர்களும் சிரிப்பை ரசிப்பார்கள் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 'முரட்டுக்காளை'யில் ரெயில் மேல் நின்று அடித்த ரஜினிகாந்த், அடுத்த ஆண்டே 'தில்லு முல்லு'வில் மீசையை எடுத்து விட்டு வந்தார். மீசை வைத்தவர் அண்ணன், மீசை இல்லாதவர் தம்பி என்று முதலாளி தேங்காய் சீனிவாசனை ஏமாற்றுகிறார். பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில் மீசை ஒன்றே பாதிக் கதை. யாரும் 'சும்மா' என்று சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர்

கவுண்டமணியும் செந்திலும் தமிழ் மக்களை இருபது ஆண்டுக்கு மேல் சிரிக்க வைத்தவர்கள். 1989-ல் வந்த 'கரகாட்டக்காரன்' வாழைப்பழக் காட்சிக்கு ஈடு சொல்ல முடியாது. இரண்டு பழம் வாங்கச் சொன்னால் ஒரு பழம் வருகிறது. இன்னொன்று எங்கே? இதுவே கேள்வி. சிறு பிள்ளையில் இருந்து கிழவர் வரை சிரிக்கிறார்கள். அது சுத்தமான நகைச்சுவை.

ஆனால் அதே காலத்துப் படங்கள் பலவற்றில் வேறு விதமான சிரிப்பும் வந்தது. ஒருவரின் கறுப்பு நிறத்தைச் சொல்லிச் சிரிப்பது. குண்டு உடம்பைச் சொல்லிச் சிரிப்பது. வழுக்கைத் தலை, திக்கு வாய், மாறுகண் எதையும் விடவில்லை. திருநங்கைகளைக் கண்டாலே கேலி. மனைவியை அடித்தால் அதுவும் ஒரு தமாஷ்!

கொட்டகையில் எல்லோரும் சிரித்து விட்டு வந்து விடுகிறார்கள். மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் திறக்கிறது. வகுப்பில் கறுப்பாக ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள். படத்தில் சொன்ன பெயரை அவளுக்கு வைக்கிறார்கள். அந்தப் பெயர் படிப்பு முடியும் வரை ஒட்டிக் கொள்கிறது. சில பேருக்குக் கல்யாணம் ஆன பிறகும் போவது இல்லை.

படத்தை எடுத்தவர்கள் அடுத்த படத்துக்குப் போய் விட்டார்கள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று அழுவது அவர்களுக்குத் தெரியாது.

'சிரிப்புக்குச் சொன்னதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பெயர் வாங்கியவர் அப்படிக் கேட்டால் ஒப்புக் கொள்ளலாம். பெயர் வைத்தவர் கேட்கக் கூடாது.

வடிவேலு வந்த பிறகு ஒரு மாறுதல் தெரிந்தது. அவரும் அடி வாங்குகிறார். ஆனால் எதற்காக? வாய்ச் சவடாலுக்காக. 2003-ல் வந்த 'வின்னர்' படத்தில் அவர் 'கைப்புள்ள'. ஊருக்கே தலைவன் போல மார் தட்டுவார். நாலு பேர் எதிரே வந்தால் நழுவுவார். 2006-ல் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில் அரசனே ஆகி விட்டார். வீரம் இல்லை. மீசை மட்டும் பெரிது. புகழ் பாட ஆள் வைத்துக் கொள்கிறார். இப்படிப்பட்டவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் சிரிப்பு தானாக வருகிறது. அவர் நடித்த எல்லாக் காட்சிகளும் இப்படிச் சுத்தம் என்று சொல்ல முடியாது. நிறத்தைச் சொல்லிச் சிரித்த இடங்கள் அதிலும் உண்டு. அந்த இடங்கள் இல்லாமலேயே அவரால் சிரிக்க வைக்க முடியும் என்பதுதான் வருத்தம்.

போஸ்டரில் ஓர் எழுத்து

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. சிரிப்புப் படம் என்று நம்பிப் போனால், நடுவில் கழுத்தை அறுக்கிற காட்சி வருகிறது. அம்மா பிள்ளையின் கண்ணைப் பொத்துகிறாள். பிள்ளை விரல் இடுக்கு வழியாகப் பார்க்கிறது.

போஸ்டரின் ஓரத்தில் தணிக்கைச் சான்றிதழ் போட்டு இருக்கும். 'யு' என்றால் எல்லோரும் பார்க்கலாம். 'ஏ' என்றால் வயது வந்தவர்கள் மட்டும். நடுவில் 'யு/ஏ' என்று ஒன்று உண்டு. பெற்றோர் யோசித்து அழைத்துப் போக வேண்டும் என்று அர்த்தம். முன்பு அது ஒரே வகையாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் பதினோரு வயதுப் பிள்ளைக்கும் அதில் வித்தியாசம் தெரியாது. 2024-ம் ஆண்டு வந்த புதிய விதிகள் அதை 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரித்தன. டிக்கெட் எடுக்கும் முன்பு அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. 16 என்று போட்ட படத்துக்கு ஆறு வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக் கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "அது தூங்கி விடும்" என்கிறார்கள்.

இப்போதைய சண்டைச் சத்தத்தில் அது எங்கே தூங்கப் போகிறது!